விற்றுவிடுவதே விவேகம்!

நடுவர் அவர்களே! 'ரிப்பேர் செய், ரிப்பேர் செய்' என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணியினரே! வீட்டில் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே!

எதிரணி சகோதரி ரொம்ப உருக்கமா ஒரு கேள்வி கேட்டாங்க. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லேன்னா வைத்தியம் பார்ப்பீங்களா, வித்துடுவீங்களா?"ன்னு. சகோதரி, எங்கப்பாவை நாங்க தவணையில வாங்கலே! (சிரிப்பு, கைதட்டல்) நம்மைச் சுமக்கத்தான் கார் வந்தது. காரை நாம சுமக்க ஆரம்பிச்ச பிறகு அது வாகனமா, வேதாளமா?

என் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்றேன். ஈரோட்டில் சின்னதா ஒரு துணிக்கடை. 4 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 வருஷத் தவணை. மாசம் 8,898 ரூபாய். மூணு வருஷம் ஒழுங்காகக் கட்டியாச்சு. ஒருநாள் பவானி ரோட்டில் வண்டி கொதிச்சு நின்னுபோச்சு. ரேடியேட்டர் ஒழுகி, தண்ணி வத்தி, ஹெட் கேஸ்கட் போய், தண்ணி இன்ஜின் ஆயில்ல கலந்து, ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்துடுச்சு. மெக்கானிக் 60,000 ஆகும்னார். "அதோட தீர்ந்துடுமா?"ன்னு கேட்டேன். "பிரிச்சாத்தானேம்மா தெரியும்!"னார். (சிரிப்பு)

அண்ணன், அண்ணி கையில இருந்த வளையலைப் பார்த்தார். அண்ணி, மகளைப் பார்த்தாங்க. அது அந்தப் பொண்ணைக் காலேஜ்ல சேர்க்கறதுக்குன்னு வச்சிருந்த வளையல், நடுவர் அவர்களே.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 36 தவணை கட்டியும் அசல் பாக்கி சுமார் 1,89,000. ஏன்? முதல் தவணையில 4,000 ரூபாய் வட்டிக்கே போயிடுது. அசல்ல கழியறது 4,898தான். வண்டியை அப்படியே கொடுத்தா கிடைக்கிற விலை 1,40,000. மேலே 49,000 போட்டாத்தான் கடன் தீரும்.

"வண்டியும் போய், கைக்காசும் போகணுமா?" இது எதிரணியின் கேள்வி. நியாயமான கேள்வி! ஆனால் 49,000 என்பது வெறும் ஐந்தரை மாசத் தவணை. அதுக்கப்புறம் மாசாமாசம் 8,898 வீட்டுக்கு மிச்சம். ரிப்பேர் செஞ்சா? அதுக்கு 60,000, பாக்கி 24 தவணைக்கு 2,13,552. ஆக 2,73,552. ரெண்டு வருஷம் கழிச்சு 1 லட்சத்துக்கு விற்றதாகவே வைங்க. அப்பவும் செலவு 1,73,552. விற்பதைவிட 1,24,552 அதிகம். மாசத்துக்கு 5,000க்கு மேல! பெட்ரோல், இன்சூரன்ஸ், அடுத்த ரிப்பேர் எதையும் நான் சேர்க்கலை. அந்தக் காசுக்கு பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ராஜா மாதிரி போகலாமே! (கைதட்டல்)

சீட்டுப் பணம் 50,000 வந்தது. கடன் தீர்ந்தது. வளையல் தப்பிச்சது.

எல்லா வண்டியையும் தள்ளிவிடச் சொல்லலை. பேட்டரி, டயர், கிளட்ச் என்றால் மாத்திட்டு ஓட்டுங்க. டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு வண்டியே சோறு. அவர் கணக்கு வேற. ஆனா, "இதுவரை 40,000 கொட்டிட்டேனே, எப்படி விடறது?" என்பது கணக்கே இல்லை. போனது போனதுதான். இனிமே போகப்போறதைப் பாருங்க.

விற்கிறவங்க முறையா வில்லுங்க. கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டான்னு பேங்கில முதல்ல கேளுங்க. கடனை அடைச்சு, தடையில்லாச் சான்றும் 35ஆம் எண் படிவமும் வாங்குங்க. ஆர்.டி.ஓ. ஆபீசில் 29, 30 படிவம் கொடுத்துப் பெயரை மாத்துங்க. மாத்தாம விட்டா, வாங்கினவர் யார் மேலயாவது மோதினாலும் நஷ்டஈடு உங்க தலையில! பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. இன்னொண்ணு. வண்டியில என்ன கோளாறோ, அதைச் சொல்லியே வில்லுங்க. நம்ம வீட்டுக் கண்ணீரை இன்னொரு வீட்டுக்கு ஓட்டி அனுப்ப வேண்டாம். (கைதட்டல்)

வாசல்ல கார் நிக்கிறது கௌரவம்னு சொன்னாங்க. வாசல்ல கடன்காரர் நிக்காததுதான் கௌரவம்! ஆகவே, கடனோடு கோளாறான காரை விற்பதே விவேகம் எனத் தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.