ரசிகனுக்கு ஒலிவாங்கி கொடுத்த நியூயார்க் வானொலி



உள்ளூர் வானொலியில் விளையாட்டுக்கு இடம் உண்டா? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தொலைக்காட்சியில் சோறு உண்பவர் வானொலியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் சிரிக்கலாம். பேசலாம். ஒலிபரப்புத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் பாடம் சொல்லும் ஒரு நிலையத்தின் வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் பெயர் டபிள்யூஃபேன். ஊர், நியூயார்க்.

1987 ஜூலை 1, பிற்பகல் 3 மணி. அதுவரை 1050 அலைவரிசையில் கன்ட்ரி இசை ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தோடு பாட்டு நின்றது. சூசின் வால்ட்மன் என்ற பெண்ணின் குரல் விளையாட்டுச் செய்தி வாசித்தது. 24 மணி நேரமும் விளையாட்டை மட்டுமே பேசும் நிலையம் பிறந்தது.

நிலையத்தின் உரிமையாளர் எம்மிஸ் நிறுவனம். அதன் தலைவர் ஜெஃப் ஸ்முலியனின் யோசனை இது. நிறுவனத்துக்குள்ளேயே பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. காரணமும் இருந்தது. 1981-ல் அமெரிக்கா முழுவதற்கும் விளையாட்டு ஒலிபரப்பத் தொடங்கிய என்டர்பிரைஸ் ரேடியோ, ஓர் ஆண்டுகூட நிறைவு செய்யாமல் மூடப்பட்டது. ஸ்முலியனிடம் இருந்த துருப்புச்சீட்டு ஒன்றுதான்: 1986-ல் வாகை சூடிய மெட்ஸ் பேஸ்பால் குழுவின் ஆட்டங்களை ஒலிபரப்பும் உரிமை.

பெரிய பெயர்கள் போதவில்லை

தொடக்கத்தில் நிர்வாகம் என்ன செய்தது? நாடறிந்த முகங்களை அழைத்து வந்தது. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஜிம் லாம்ப்லி, கிரெக் கம்பெல், கிளீவ்லாந்து வானொலியில் கொடிகட்டிப் பறந்த பீட் ஃபிராங்க்ளின் ஆகியோர் வந்தார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால், கேட்பவர் எண்ணிக்கை உயரவில்லை, நட்டம்தான் உயர்ந்தது. நியூயார்க் ரசிகனுக்கு நாட்டு நடப்பு தேவைப்படவில்லை. நேற்றிரவு தன் குழு ஏன் தோற்றது என்று தன்னைப் போலவே வயிறெரிந்து பேசும் ஒருவர் தேவைப்பட்டார்.

1988-ல் எம்மிஸ் நிறுவனம் என்பிசியின் வானொலி நிலையங்களை வாங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 7-ல் டபிள்யூஃபேன் 660 அலைவரிசைக்கு மாறியது. 50,000 வாட் ஆற்றல் கொண்ட அந்த ஒலிபரப்பு, இரவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெகுதூரம் வரை எட்டும். அந்த நிலையத்தோடு டான் ஐமஸ் என்ற காலை நேர அறிவிப்பாளரும் வந்தார். அவர் பேசியது பெரும்பாலும் விளையாட்டு அல்ல. ஆனாலும் விளம்பரம் குவிந்தது. நிலையம் மூச்சுவிட்டது.

உண்மையான திருப்பம் 1989 செப்டம்பரில் வந்தது. மைக் ஃபிரான்செசா, கிறிஸ் ரூசோ என்ற இருவரை மாலை நிகழ்ச்சியில் சேர்த்து உட்கார வைத்தார்கள். இருவரும் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். ஒருவர் எல்லாம் தெரிந்தவர்போல் நிதானமாகப் பேசுவார், மற்றவர் கத்துவார். வேலை முடிந்து நெரிசலில் காரோட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாக்குவாதம் வீட்டுச் சண்டைபோல் பழகிப்போனது. 2008 ஆகஸ்டு வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள் அந்த இணை நீடித்தது. இடையில், 1992-ல், இந்த நிலையம் 7 கோடி டாலருக்கு விலைபோனது.

அழைத்தவரே நாயகன்

நேயர்களே, இந்த வெற்றியின் அடிப்படை தொலைபேசி. அழைப்பவரின் பெயரையும் வட்டாரத்தையும் மட்டும் சொல்வார்கள். குயின்ஸிலிருந்து ஜெர்ரி, புரூக்ளினிலிருந்து இன்னொருவர் என்று வரிசை நகரும். "பல நாளாகக் கேட்கிறேன், இன்றுதான் முதல்முறை அழைக்கிறேன்" என்று தயங்கித் தொடங்குவார்கள். பிறகு பயிற்றுநரையே கேள்வி கேட்பார்கள். அந்தக் குயின்ஸ் ஜெர்ரி யார் தெரியுமா? புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்ட். இரவு அறிவிப்பாளர் ஸ்டீவ் சோமர்ஸிடம் அவரும் ஒரு மெட்ஸ் ரசிகராகவே பேசினார். வரிசையில் கோடீசுவரனும் லாரி ஓட்டுநரும் ஒன்றுதான். நம் ஊர் மாமாக் கடையில் நள்ளிரவுக் காற்பந்து முடிந்ததும் நடக்கும் வாதம் இருக்கிறதே, அதையே அவர்கள் அலையில் ஏற்றினார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. 2007 ஏப்ரலில் ஐமஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவினரைப் பற்றி இனவாதமாகப் பேசினார். நிறுவனம் அவரை நீக்கியது. எவ்வளவு பணம் ஈட்டிக் கொடுத்தவரானாலும் நாக்குக்குக் கடிவாளம் வேண்டும் என்பதற்கு அது சான்று.

மறுபக்கம் சூசின் வால்ட்மன். விளையாட்டில் பெண்ணுக்கு என்ன வேலை என்று எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. அவர் விலகவில்லை. 2005-ல் யாங்கீஸ் குழுவின் வானொலி வர்ணனையில் நிரந்தர இடம் பெற்றார். 2022-ல் அமெரிக்காவின் தேசிய வானொலிப் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது. முதல் நாள் ஒலித்த குரல்தான் நெடுந்தூரம் போனது.

2012 நவம்பரில் நிலையம் 101.9 பண்பலையிலும் ஒலிக்கத் தொடங்கியது. இணையமும் கைப்பேசியும் வந்த பிறகும் அது சாகவில்லை. ஆட்ட முடிவு எங்கும் கிடைக்கும். அதைப் பற்றி உங்கள் ஊர்க்காரரோடு வாதிட ஓர் இடம் எங்கும் கிடைக்காது.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் 24 மணி நேரத் தமிழ் விளையாட்டு வானொலி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சந்தை சிறியது, கணக்குக்கு ஒத்துவராது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்கிறேன். ஓர் அறிவிப்பாளர், அழைப்புகளைச் சலித்து அனுப்ப ஒருவர், திறந்த தொலைபேசி. இவ்வளவுதான் முதலீடு.

1966 ஆசிய விளையாட்டில் ஓடித் தங்கம் வென்ற டாக்டர் எம்.ஜெகதீசனைப் பற்றியும், கோல் கம்பத்தில் சிலந்தியாய்ப் பறந்த ஆர்.ஆறுமுகத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து அந்தக் கதைகளும் போய்விடும். தோட்டத் திடலில் வெறுங்காலோடு ஆடிய குழுக்களின் பெயர்களை எந்த ஏட்டிலும் தேட முடியாது. அவர்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும். இன்று மாநிலத்துக்காக ஆடும் நம் பிள்ளைகளின் பெயரைத் தமிழில் உரக்கச் சொல்லவும் ஓர் இடம் வேண்டும்.

வெளிநாட்டு லீக் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பத்துமலைக்காரரும் சுங்கை சிப்புட்காரரும் தங்கள் குழுவைப் பற்றிப் பேச, நாம்தான் தொலைபேசியைத் திறந்துவிட வேண்டும்.