வரி விழ வேண்டியது வாயுவின் மீதா, சர்க்கரையின் மீதா?

(அறக்கட்டளையின் குடும்ப நல்வாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது குளிர்பானத்தின் மீதான வரி. நல்வாழ்வுக் கூட்டத்தில் வரிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் பிரித்துப் படிப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. டயாலிசிஸ் செலவு, காலில் ஆறாத புண், மங்கிவரும் கண்பார்வை என்று தேவைகள் வேறு வேறாக இருக்கும். ஆனால் பல மனுக்களின் தொடக்கம் ஒன்றுதான்: "பல வருடமாகச் சர்க்கரை." நீங்கள் நம்பிக் கொடுக்கும் ஜகாத்தும் சதக்காவும் அந்த நோயின் கடைசிக் கட்டத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. அதன் முதல் கட்டத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இதற்குக் குளிர்பானம் மட்டும் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரம்பரை உண்டு, நடை குறைந்தது உண்டு, மூன்று வேளையும் அரிசி உண்பதும் உண்டு. அப்படியிருக்க, குளிர்பானத்தை மட்டும் ஏன் தனியாகப் பிடிக்க வேண்டும்?

காரணம் எளிது. ஒரு தட்டுச் சோறு வயிற்றை நிரப்பும். அடுத்த தட்டுக்கு இடமிருக்காது. பானத்தில் கரைந்த சர்க்கரை வயிற்றுக்கு நிறைவு தருவதில்லை. குடித்த பிறகும் அதே அளவு சாப்பிடுகிறோம். நாம் "கலர்" என்று சொல்லும் பானத்தின் 250 மில்லி பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஆறு தேக்கரண்டிக்கும் மேல். பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. தேநீரில் ஆறு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் யாரும் குடிக்கமாட்டோம். குளிரவைத்து, புளிப்புச் சேர்த்து, வாயு ஏற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார்கள்.

சரி, வரி போட்டால் மக்கள் குறைத்துக்கொள்வார்களா? போட்டுப் பார்த்த நாடுகளிடம்தான் கேட்க வேண்டும்.

மெக்சிகோவை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே மிக அதிகமாகக் குளிர்பானம் குடிக்கும் நாடுகளில் ஒன்று அது. 2000 முதல் 2006 வரை அங்கே அதிபராக இருந்த விசென்டே ஃபாக்ஸ், அரசியலுக்கு வருமுன் அந்நாட்டுக் கொக்கோ கோலா நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அப்படிப்பட்ட நாட்டில் 2014 ஜனவரி முதல், சர்க்கரை சேர்த்த பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி வந்தது. விலை ஏறத்தாழ 10 சதவீதம் ஏறியது. முதல் ஆண்டில் விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் குறைவு 10 சதவீதத்தை நெருங்கியது. அதிகமாகக் குறைத்துக்கொண்டவை ஏழைக் குடும்பங்கள். குடிநீர் பாட்டில் விற்பனை கூடியது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2016-ல் அறிவித்து, இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து, 2018 ஏப்ரலில் வரியை அமலாக்கியது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 கிராம் முதல் ஒரு வரி. 8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் கூடுதல் வரி. கம்பெனிகள் என்ன செய்தன? வரி கட்டுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பது லாபம் என்று பல கம்பெனிகள் பானத்தின் கலவையையே மாற்றின. அரசுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வருமானம்தான் வந்தது. அந்த வரிக்கு அதுதான் வெற்றி. கடைக்காரர் அதே பாட்டிலை விற்றார், வாடிக்கையாளர் அதே பாட்டிலை வாங்கினார், உள்ளே இருந்த சர்க்கரை மட்டும் குறைந்தது.

இதனால் உடல் பருமன் குறைந்ததா என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 10, 11 வயதுச் சிறுமிகளிடம், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிடப் பருமன் 8 சதவீதம் குறைவாக இருந்ததாக 2023-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே வயதுச் சிறுவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆக, வரி ஒரு மந்திரக்கோல் அல்ல. பல கதவுகளில் ஒரு கதவை அது மூடுகிறது, அவ்வளவுதான்.

அரபு நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரி புதிதல்ல. சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2017-லேயே வாயு ஏற்றிய பானத்துக்கு 50 சதவீதமும், எனர்ஜி டிரிங்க்குக்கு 100 சதவீதமும் வரி விதித்தன. பிறகு அமீரகம் இன்னொரு முடிவெடுத்தது. விலையில் இத்தனை சதவீதம் என்பதை விட்டுவிட்டு, பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பார்த்து லிட்டர் கணக்கில் வரி வாங்கும் முறைக்கு 2026 முதல் மாறுவதாக 2025-ல் அறிவித்தது. நம் நாட்டுக்கான பாடம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் வரி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே வாயு ஏற்றிய பானத்துக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத கூடுதல் தீர்வையும் சேர்ந்து 40 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் அது நேரடியாகவே 40 சதவீதம். இவ்வளவு வரி இருந்தும் பலன் ஏன் தெரியவில்லை? அந்த வரி சர்க்கரையைப் பார்ப்பதில்லை, வாயுவைப் பார்க்கிறது.

எப்படி என்று பாருங்கள். சர்க்கரை நிறைந்த கலருக்கும் 40 சதவீதம். சர்க்கரையே இல்லாத டயட் பானத்துக்கும் அதே 40 சதவீதம். வாயு இல்லாத மாம்பழ பானத்துக்கு இருந்த 12 சதவீதத்தையும் 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். அந்த பாட்டிலைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 100 மில்லிக்கு 10 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள மாம்பழ பானங்கள் பல இருக்கின்றன. பழத்தின் படம் பெரிதாக இருப்பதால் "பிள்ளைக்கு நல்லது" என்று நாமும் வாங்கிக் கொடுக்கிறோம். இப்படி வரி போட்டால் எந்தக் கம்பெனி சர்க்கரையைக் குறைக்கும்? குறைத்தாலும் அதே வரி, குறைக்காவிட்டாலும் அதே வரி.

இன்னொன்று, பத்து ரூபாய் பாட்டில். சதவீத வரி விலையோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். 40 ரூபாய் பாட்டிலில் வரி 11 ரூபாய்க்கு மேல். 10 ரூபாய் பாட்டிலில் 3 ரூபாய்க்கும் குறைவு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கையில் இருக்கும் காசுக்கு ஏற்றது அந்தச் சின்ன பாட்டில்தான். சர்க்கரையின் கிராமுக்கு இவ்வளவு என்று வரி வைத்தால், விலையை இறக்கி வரியைக் குறைத்துக்கொள்ளும் வழி அடைபடும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். அரசு வரி விதிக்கலாம், விதிக்கவும் வேண்டும். ஆனால் அது சர்க்கரையின் அளவைப் பார்த்து விதிக்கப்பட வேண்டும்.

இதற்கு மூன்று எதிர்ப்புகள் வரும். மூன்றிலும் நியாயம் உண்டு. அதனால் ஒதுக்கிவிடாமல் பதில் சொல்ல வேண்டும்.

"ஏழைக்குத்தானே பாரம்?" ஒரே வரி ஏழையின் கூலியில் பெரிய பங்கையும் வசதியுள்ளவர் வருமானத்தில் சிறு பங்கையும் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் நோயின் பாரமும் ஏழையின் மீதுதான் அதிகம். ஓட்டுநரோ கொத்தனாரோ காலை இழந்தால் அந்த வீட்டின் வருமானமே நின்றுவிடும். இந்தப் பாரத்தை நியாயமாக்க ஒரு வழி உண்டு. வசூலாகும் பணம் அவர்களிடமே திரும்ப வேண்டும். பள்ளிகளில் சுத்தமான குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை என்று அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெக்சிகோவில் வரிக்காகப் போராடியவர்களும் பள்ளிக்கூடங்களில் குடிநீர் வசதியைத்தான் கூடவே கேட்டார்கள். குழாயில் நல்ல தண்ணீர் வராத பள்ளியில், கலர் குடிக்காதே என்று பிள்ளையிடம் சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கிறது?

"கடை வைத்திருப்பவர் கதி?" நம் சகோதரர்களில் பலர் பெட்டிக்கடையும் கூல்டிரிங்ஸ் கடையும் வைத்துப் பிழைக்கிறார்கள். திடீரென்று வரியை ஏற்றினால் அவர்கள்தான் அடிபடுவார்கள். அதனால்தான் இங்கிலாந்தைப் போல அவகாசம் கொடுத்து அறிவிக்க வேண்டும் என்கிறோம். கம்பெனி கலவையை மாற்றிக்கொண்டால் கடைக்காரரின் விற்பனை பெரிதாகப் பாதிக்கப்படாது.

"நான் என்ன குடிப்பது என்று அரசு சொல்வதா?" பெரியவர்கள் இப்படிக் கேட்கலாம். வரி தடை அல்ல, வேண்டுமென்பவர் வாங்கலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை கிரிக்கெட் வீரரையும் சினிமா நடிகரையும் விளம்பரத்தில் பார்த்துக் கேட்பதை அந்தப் பிள்ளையின் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

ஜி.எஸ்.டி. விகிதங்களைப் பற்றிய முடிவு ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எடுக்கப்படுகிறது. மாநில நிதியமைச்சர்களும் அதில் உறுப்பினர்கள். எனவே நம் மாநில நிதியமைச்சருக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இந்தக் கோரிக்கையை மனுவாக அனுப்பவிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கும். படித்துப் பார்த்து, சம்மதமானவர்கள் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, எந்த வரியும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டு அடுக்களையும் நம் விசேஷங்களும். நோன்பு திறக்கும் நேரத்தில் நாம் கரைக்கும் ரோஸ் சர்பத்திலும், பால் சேர்த்துக் காய்ச்சும் கடல்பாசியிலும் இருக்கும் சர்க்கரைக்கு அரசு கணக்குப் பார்க்க முடியாது. வலீமா விருந்தில் பிரியாணித் தட்டுக்குப் பக்கத்தில் கலர் பாட்டில் வைப்பது மரியாதை என்று ஆகிவிட்டது. வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அந்த மரியாதையை மாற்ற வேண்டியது நாம்தான். சர்பத் ஹலால்தான், சர்க்கரையும் ஹலால்தான். ஆனால் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஹலாலான பொருளாக இருந்தாலும் அளவைப் பற்றிய கேள்வி நமக்கு உண்டு.

எனவே நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்திருக்கிறது. அறக்கட்டளை நடத்தும் இஃப்தார், கல்வி விழா, மருத்துவ முகாம் எதிலும் இனி பாட்டில் குளிர்பானம் வழங்கப்படாது. மோர், இளநீர், சர்க்கரை குறைத்த நன்னாரி, நல்ல தண்ணீர் இவைதான். இஃப்தாருக்கு உதவ நினைக்கும் அன்பர்கள் குளிர்பானப் பெட்டிக்குப் பதிலாகப் பழமோ பேரீச்சையோ கொடுங்கள். மக்தபுக்கு வரும் பிள்ளைகளுக்காகக் குடிநீர் வடிகட்டி ஒன்று தேவைப்படுகிறது, அதற்கும் தரலாம்.

மனுவுக்குப் பதில் வர நாளாகலாம். அடுத்த நிக்காஹ் விருந்துக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது, அதிலிருந்து ஒரு வரியை அடித்துவிட எந்தச் சட்டமும் தேவையில்லை. அதை இந்த மாதமே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், நோயுற்றோருக்கு ஷிஃபாவையும் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.