கடைசியாகக் கடப்பவன்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

"பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, ரோட்டில் நிற்க அனுப்பினோமா?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் அடிவாரத்துச் சாலையை நீங்கள் அறிவீர்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் வண்டிகள், நேர்ச்சாலையைக் கண்டதும் வேகம் பிடிக்கின்றன. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிய வண்டிக்கு, சூடேறிப் பிடிப்பும் குறைந்திருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும்.

அந்த வண்டியின் முன்னால் பிள்ளையை நிறுத்துவோமா? ஒருக்காலும் மாட்டோம். வண்டியை நிறுத்துவது பெரியவர் வேலை. அதற்கு ஆசிரியர் ஒருவர் அங்கே நிற்கிறார். காவல் பிள்ளை நிறுத்துவது, ஓடத் துடிக்கும் சின்னப் பிள்ளைகளை. சாலையோரத்தில் கைகளை விரித்து நின்று, வழி கிடைத்ததும் அவர்களை அனுப்பிவிட்டு, தான் கடைசியாகக் கடக்க வேண்டும்.

இது நாம் புதிதாகக் கண்டதல்ல. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில், கதீட்ரல் பள்ளித் தலைமையாசிரியை அருட்சகோதரி கார்மெலா ஹாங்கி, 1921 பிப்ரவரியில் மாணவர்களையே இப்பணியில் அமர்த்தினார். நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆர்.எஸ்.பி. என்னும் சாலைப் பாதுகாப்புப் படை இருக்கிறது. கேரளத்தில் 2010-ல் தொடங்கிய மாணவர் காவல் படை, 2018-ல் நாடு தழுவிய திட்டமாயிற்று.

இதனால் பிள்ளைகள் கற்பது என்ன? ஒரு மழை நாள் மாலை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் காவல் நின்றான். அவன் ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்றது. இன்னும் இரண்டு சிறுமிகள் கடக்கவில்லை. பஸ் போய்விட்டது, அவன் நின்றான். நனைந்துகொண்டே நடந்து வீடு சேர்ந்தவனிடம் மறுநாள், "ஏனப்பா, ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே?" என்றோம். "பாப்பாங்க என் கையைப் பிடிச்சிட்டிருந்தாங்க சார்" என்றான். அவ்வளவுதான். பொறுப்பு என்ற பாடத்தை நாங்கள் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அன்று அவனிடம் படித்தோம்.

ஆனால் அவனைப் புகழ்ந்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அவன் நனைந்து நடந்தது எங்கள் குறை. இப்போது காவல் பிள்ளைகள் வீடு சேரும் வழியை முதலிலேயே உறுதி செய்துகொள்கிறோம். பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். எதிர்ப்புறம் நின்று "ஓடி வா!" என்று பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். பள்ளி அருகே வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். மலைப்பாதையில் இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. வலுவுள்ளவன் நின்று கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதைப் பிள்ளைகள் செய்து காட்டுகிறார்கள். பெரியவர்களாகிய நாம் பின்தங்கலாமா?