நாங்கள் நிராகரித்த ஒரு மனு
(பொன்விழாக் கல்வி நிகழ்ச்சியில் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் சாதனைகளைச் சொல்வதுதான் வழக்கம். நாங்கள் முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருவர் உபகாரச் சம்பளம் கேட்டு மனுச் செய்தார். உடற்பயிற்சி உடலியங்கியலில் முதுநிலை ஆய்வு செய்ய வேண்டுமாம். "பி.டி. வாத்தியார் வேலைக்கு எதற்கு மாஸ்டர்ஸ்?" என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தோம். மனு நிராகரிக்கப்பட்டது. மருத்துவம், மருந்தியல், கணக்கியல், பொறியியல், இவற்றைத் தாண்டி நம் கண் போகவில்லை.

அவர் படிப்பை விடவில்லை. ஆய்வு உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். சென்ற ஆண்டு எங்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். போனோம். கடைக் கல்லாவில் உட்கார்ந்தே காலம் தள்ளிய நண்பர் ஒருவரைப் பரிசோதித்து, முகமூடி மாட்டி, நிலைச் சைக்கிளில் ஏற்றினார்கள். மூச்சில் உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் எவ்வளவு, வெளிவிட்ட கரியமில வாயு எவ்வளவு என்று கணினி காட்டியது. சுமையைக் கூட்டக் கூட்ட ஆக்சிஜன் அளவும் ஏறும். ஓர் உச்சிக்கு மேல் ஏறாது. இதயம், நுரையீரல், தசை மூன்றும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை அந்த உச்சி சொல்லும். நம் நண்பர் உச்சிக்கெல்லாம் போகவில்லை. பாதியிலேயே கை காட்டி இறங்கிவிட்டார்! 1920களில் இங்கிலாந்தில் ஏ.வி. ஹில் என்ற அறிஞர், முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு ஓடி, விட்ட மூச்சை அதில் பிடித்து இதே கணக்கைப் போட்டிருக்கிறார். 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

அந்தப் படிப்பின் கஷ்டத்தை அன்றுதான் கண்டோம். கருவியை முன்கூட்டியே சரிபார்க்காவிட்டால் அன்றைய எண்கள் அத்தனையும் வீண். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு இரத்தம் எடுக்க முடியாது. சோதனைக்கு வந்தவர் "போதும்" என்றால் காரணம் கேட்காமல் அனுப்பிவிட வேண்டும். அவரைத் தேடிப் பிடித்த உழைப்பு அதோடு போயிற்று. புள்ளியியல் வேறு தனியாகப் படிக்க வேண்டும். பி.டி. வாத்தியார் என்று சிரித்த எங்களுக்கு அன்று பேச்சே வரவில்லை. (பி.டி. வாத்தியார் வேலையும் சிரிக்கத்தக்கது அல்ல. அது வேறு கதை.)

லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. இதைக் கேட்டதும் எங்களுக்கு நாசி கண்டார்தான் நினைவுக்கு வந்தது. காவடித் தடியின் இருபுறமும் சோறும் கறியும் தொங்க, நம் பாட்டன்மார் பினாங்குத் தெருக்களில் தோளில் சுமந்து விற்றார்கள். பேரப்பிள்ளைகளாகிய நாம் கல்லாவில் உட்கார்ந்து மாத்திரை விழுங்குகிறோம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே இரத்தத்தின் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் நடக்கச் சொல்வது அதனால்தான்.

அந்தப் பெண் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் மனத்தில் நிற்கிறது. "நோன்பு மாதத்தில் ஒருவர் எவ்வளவு உடலை அசைக்கிறார் என்று வெளிநாட்டுக் கேள்வித்தாளை வைத்துக் கேட்டால், தராவீஹ் எந்தக் கட்டத்தில் வரும், மாமா?" நடை, ஓட்டம், தோட்ட வேலை என்றெல்லாம் கட்டம் போட்டவர்களுக்கு அது தோன்றியிருக்காது. ஸஹருக்கு எழுந்து தூக்கம் கெடுவதும், பகலில் தண்ணீர் இல்லாததும் சேர்ந்து வரும்போது எது எதனால் என்று பிரிப்பது பெரிய வேலை. நோன்பு வைத்துப் பழகியவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.

கிளந்தான் குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுகாதார வளாகத்திலும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை இருக்கிறது. எங்கள் மனுப் பாரத்தில் இருந்த பாடப் பட்டியலை இந்த ஆண்டு எடுத்துவிட்டோம். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டோம். "அதெல்லாம் இருக்கட்டும் மாமா, ஐம்பது வயது தாண்டிய ஆட்கள் சோதனைக்கு வேண்டும்" என்றார். வாசல் மேசையில் பெயர்த்தாள் இருக்கிறது. முதல் பெயர், பாதியில் இறங்கிய நம் நண்பருடையது.