கையில் ஒரு கட்டி



பால் வெட்டும் கையில் காய்ப்பு இருப்பது புதிதன்று. கத்தி பிடிக்கும் இடத்தில் தோல் தடித்துப் போகும். அதனால் விரலில் சிறு கட்டி தோன்றினாலும் ‘காய்ப்புத்தான், இல்லாவிட்டால் மரு’ என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் மிக அரிதாக, அதே தோற்றத்தில் ஒரு புற்றுநோயும் வருவதுண்டு.

அதன் பெயர் எபித்திலியாய்டு சார்க்கோமா. வாயில் நுழையாத பெயர். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். தசை, கொழுப்பு, தசைநார் போன்ற மென்மையான பாகங்களில் உண்டாகும் புற்றுநோய்களுக்குச் சார்க்கோமா என்பது பொதுப்பெயர். வாஷிங்டனில் பணியாற்றிய என்சிங்கர் என்னும் மருத்துவர், 62 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து, 1970-ஆம் ஆண்டில் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்.

இளவயதினரின் விரல், உள்ளங்கை, முன்கை ஆகிய இடங்களில் இது அதிகம் தொடங்குகிறது. வலிக்காது, அதுதான் இதன் சூது. மெதுவாக வளர்ந்து, சிலருக்குத் தோல் வெடித்து ஆறாத புண்ணாகும்.

பிறகு, கொடி பந்தலில் ஏறுவதுபோல, தசைநாரையும் நரம்பையும் பற்றிக்கொண்டு கையில் மேலேறும். விரலில் இருந்த கட்டிக்குத் துணையாக முன்கையில் இன்னொன்று முளைப்பது இப்படித்தான். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நிணநீர் வழியிலும் இது செல்லும். மற்றச் சார்க்கோமாக்களில் பெரும்பாலானவை அவ்வழியில் அதிகம் செல்வதில்லை.

மூன்றாவது வழி இரத்தம். கையிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. அங்குள்ள குழாய்கள் மயிரிழையைவிட மெல்லியவை. ரப்பர்ப் பாலை வடிக்கும்போது உறைந்த பால் சல்லடையில் தங்குகிறதே, அதுபோல மிதந்துவரும் புற்றணுக்கள் அங்கே தங்கி வளரக்கூடும். கையைக் காட்டப் போனவருக்கு மருத்துவர் நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான். காரணம் சொல்லப்படாததால் கோபித்துக்கொண்டு திரும்பியவர்களை நாம் எப்படிக் குறை சொல்வது?

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று லயங்களில் பேசுவார்கள். தேர்ந்த மருத்துவர் ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பதற்கு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, கட்டி இன்னதென்று அறியாமலே அவசரமாகத் தோண்டி எடுப்பதற்கு. மிச்சம் தசைநாரில் தங்கிவிடும், மறுபடி முளைக்கும். எண்ணெய் போட்டு உருவுவதாலும் இது கரையாது, நாள்தான் போகும். முறையான அறுவை முடிந்த பிறகும், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவதுண்டு. ஆகவே ஒருநாள் சம்பளம் போகுமே என்று மறுபரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது.

இது ஒட்டும் நோயன்று. நோயாளி குடித்த கோப்பையில் வீட்டார் குடிக்கலாம். குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மாதக்கணக்கில் மறையாத கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால், மருந்தகத்தில் காட்டி, ‘இதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமா, ஐயா?’ என்று கேளுங்கள். அதைக் கேட்பதற்கு அந்த நீண்ட பெயர் நினைவிருக்க வேண்டியதில்லை.