கோரப்புழாவும் பெண்களின் எல்லையும்
(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கோழிக்கோட்டிலிருந்து வடக்கே கொயிலாண்டிக்குச் செல்லும் கடற்கரைச் சாலை, எலத்தூரை அடுத்துக் கோரப்புழாவைக் கடக்கிறது. இந்தியாவின் பேராறுகளோடு ஒப்பிட்டால் இது சிற்றாறுதான். ஆயினும் வட மலபாருக்கும் தென் மலபாருக்கும் இதுவே எல்லையாக விளங்கியது. வட மலபாரின் நாயர் குலப் பெண்கள் இவ்வாற்றைக் கடந்து தெற்கே செல்லலாகாது என்பது சாதி வழக்கம். மீறியவருக்குச் சாதி விலக்கு. ஆண்களுக்கு இத்தடை இல்லை.

இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. மருமக்கத்தாய முறையில் வாரிசுரிமை பெண்வழி சென்றது. சொத்தின் நிர்வாகமோ காரணவன் எனப்பட்ட மூத்த ஆணின் கையில் இருந்தது. பெண் இடம்பெயர்ந்தால் வாரிசும் இடம்பெயரும். ஆகவே, தறவாட்டின் நிலத்தைக் காக்கும் வேலியாகவே இத்தடை பயன்பட்டது என்று கருதுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரயில் இந்த ஆற்றைக் கடந்துவிட்டது. சாலைவழிச் செல்வோருக்கு 1930களின் இறுதிவரை படகே துணை. அப்போது மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அதன் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த கே.கேளப்பனின் முயற்சியால் சாலைப் பாலம் எழுந்தது. கொயிலாண்டிக்கு அருகே முச்சுகுன்னில் பிறந்தவர் அவர்; 1931இல் தொடங்கிய குருவாயூர் ஆலய நுழைவுச் சத்தியாகிரகத்தின் தலைவர். காந்தியவாதி; நம் முகாமைச் சேர்ந்தவர் அல்லர். எனினும், மக்கள் பணத்தில் மக்களுக்கான பாலம் அமைய வழிசெய்த பெருமை அவருக்கு உரியது.

பாலம் மட்டுமே பழைய தடையை அகற்றியது என்று சொன்னால் அது வரலாறாகாது. 1933இல் நடைமுறைக்கு வந்த மருமக்கத்தாயச் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பங்கிட வழி திறந்தது. அதே பத்தாண்டில் வட மலபாரில் விவசாயிகள் சங்கங்கள் வேரூன்றி, ஜன்மிகளின் அதிகாரத்தை எதிர்த்து நின்றன. கல்வி பரவியது. 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை முறைக்கு முடிவுகட்டியது. தடையைத் தாங்கி நின்ற அடித்தளம் இவ்வாறு சரிந்தது.

குறுகலான பழைய பாலத்தை அகற்றிக் கட்டப்பட்ட புதிய பாலம் 2021இல் திறக்கப்பட்டது. அது கேளப்பனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றும் நம் நாட்டின் பல பகுதிகளில், பெண் எங்கு செல்லலாம், யாரை மணக்கலாம் என்பதைச் சாதிப் பஞ்சாயத்துகள் தீர்மானிக்கின்றன. அங்கெல்லாம் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் குறைவில்லை. நிலமும் சொத்தும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வியை எழுப்பாமல் பெண் விடுதலையைப் பேச இயலாது. சாதி எதிர்ப்புப் போராட்டத்தையும் நிலத்துக்கான போராட்டத்தையும் தனித்தனியே நடத்தவும் இயலாது. மலபார் நமக்குத் தரும் பாடம் இதுவே.