நின்றாரா, நிறுத்தப்பட்டாரா? வேலையிடப் பூசலில் தமிழ் வினைச்சொல்

மொழியியலார்க்குத் தொழிலாளர் சட்டத்தில் என்ன வேலை என்ற ஐயம், கிளமெண்டியில் இவ்வரங்கிற்கு வந்திருப்போருள் சிலர்க்கேனும் எழுந்திருக்கலாம். சட்டத்தை விளக்குவது வழக்கறிஞர் பணி. சட்டத்தின் முன்னே தமிழ்த் தொழிலாளி தம் குறையை எவ்வகை வாக்கியத்தில் எடுத்துரைக்கிறார் என்று ஆராய்வது நம் பணி.

ஞாயிறு மாலைகளில் தேக்கா வட்டாரத்துப் புல்வெளிகளில் அமர்ந்திருக்கும் கட்டுமான ஊழியர்களின் பேச்சை உற்றுக் கேட்டால், இரண்டு தொடர்கள் மீண்டும் மீண்டும் காதில் விழும். 'சம்பளம் வரல' என்பது ஒன்று; 'வேலை நின்னுபோச்சு' என்பது மற்றொன்று. இரண்டிலும் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் இரண்டிலும் முதலாளி இல்லை. மழை வரவில்லை என்பது போலச் சம்பளமும் வரவில்லை. கடிகாரம் நின்றது போல வேலையும் நின்றது. செய்தவனைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் வசதியைத் தமிழ் தாராளமாகத் தருகிறது. வீட்டில் அது பணிவு. விசாரணை அறையில் அதுவே இழப்பாகிவிடக்கூடும்.

'நில்' தன்வினை, 'நிறுத்து' பிறவினை. பள்ளியில் ஒரு மதிப்பெண் பெறும் இவ்வேறுபாடு இங்கு ஒருவரின் வழக்கையே மாற்றவல்லது. 'நான் நின்றுவிட்டேன்' என்பவர் தாமாக விலகியவராகப் பதிவாகலாம். 'என்னை நிறுத்தினார்கள்' என்பவர் பணிநீக்கம் செய்யப்பட்டவர். முறையற்ற பணிநீக்கம் குறித்து முறையிடும் வழி பின்னவருக்கே நேராகத் திறக்கிறது. நெருக்குதலால் விலகல் கடிதம் கொடுத்தவரும் முறையிடலாம்; ஆனால் அந்நெருக்குதலை அவர்தாம் மெய்ப்பிக்க வேண்டும்.

இதற்கு இத்துணை அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 1968 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. 2017 ஏப்ரல் முதல் சம்பளப் பூசல்கள் முதலில் சமரசப் பேச்சுக்குச் செல்கின்றன. அங்குத் தீராதவை உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகின்றன. பணிநீக்க முறையீடுகளும் 2019 முதல் இவ்வழியே செல்கின்றன. அம்மன்றத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை. செலவைக் குறைக்கும் நல்லேற்பாடு என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அதன் மறுபக்கம், தொழிலாளியே தம் சொல்லால் தம்மை நிறுவ வேண்டும் என்பது. மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தாலும், சொல்லப்படாத எழுவாயை அவர் தாமாகச் சேர்க்க இயலாது.

இனிச் சம்பளத்திற்கு வருவோம். ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் தொல்காப்பியர் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என மூவர் வாய்க்கு உரியனவாக வகுத்தார். எனினும் மூன்றும் இரத்தற் சொற்களே. உழைத்த கூலியைக் கேட்பது இரத்தல் அன்று. அதற்கு உரிய வினை 'செலுத்து' என்பதே. வரி செலுத்துகிறோம், கடன் செலுத்துகிறோம். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளத்தையும், 14 நாளுக்குள் மிகைநேர ஊதியத்தையும் செலுத்தச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது.

'அடிப்படைச் சம்பளம்' என்ற தொடரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாதம் 800 வெள்ளி என்று பேசி அழைத்து வரப்பட்டவரின் தாளில், அடிப்படை 500, படிகள் 300 என்று இருப்பதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை ஒன்றே, அவரும் மகிழ்வார். ஆனால் மிகைநேர ஊதியம் அடிப்படையை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுவது. மாத அடிப்படையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணியையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஒரு மணிக்கூலி கிடைக்கும். அதில் ஒன்றரை மடங்கு மிகைநேரத்துக்கு. 800 முழுவதும் அடிப்படையானால் மணிக்கு ஏறத்தாழ 6 வெள்ளி 29 காசு. 500 ஆனால் 3 வெள்ளி 93 காசு. மாதத்திற்கு 72 மணிநேரம் மிகையாக உழைப்பவர் 170 வெள்ளியளவு இழக்கிறார். ஊரில் அது ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

அனுமதி அட்டை ஊழியர்க்குப் புறப்படுமுன் அனுப்பப்படும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் அவரவர் தாய்மொழியில் இருக்க வேண்டும். தமிழர்க்குத் தமிழில் அது வருகிறது. அதில் அடிப்படையும் படிகளும் பிடித்தங்களும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். 'பிடித்தம்' என்ற சொல் 'விருப்பம்' என்றும் பொருள்படுவது தமிழின் குறும்பு. பொருளைச் சேதப்படுத்தியதாகக் கூறிப் பிடிப்பதாயின், முதலில் ஊழியரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கவும் கூடாது.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். கடிதப் பயிற்சிக்கு விடுப்பு விண்ணப்பமே எத்தனை ஆண்டு போதும்? ஒரு சம்பளச் சீட்டை வகுப்பில் வைத்து, யார் யாருக்கு எதைச் செலுத்தவில்லை, எந்தத் தேதி முதல் என்று எழுவாயோடு எழுதப் பழக்கலாம். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. ஆகவே மாணவர் வீடுகளிலேயே மாதிரிகள் கிடைக்கும்.

இல்லப் பணிப்பெண்கள் இச்சட்டத்தின் வரம்பிற்குள் வருவதில்லை. அவர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் சட்டமே துணை. அதனைத் தனி உரையில் காண்போம். இன்று காலவரம்பை மட்டும் குறித்துக்கொள்க. பணியில் இருப்பவர் சம்பளம் செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். பணியிலிருந்து நீங்கியவருக்கு ஆறு மாதம். பணிநீக்கத்தை எதிர்ப்பவருக்கோ கடைசி வேலைநாளிலிருந்து ஒரே மாதம்.